நான் போட்டதாகச் சொல்லப்படும் ஓட்டு

1

வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஓட்டுப் போடுவதற்காக நான் மலாயாவின் ஜொகூரிலிருந்து கப்பலேறித் தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் போனேன். சாவடியில் போய் நின்றபோது, நான் ஏற்கெனவே வந்து ஓட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் ரெங்கத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் மரங்கள் மறுபடியும் சிவந்து இலை கொட்ட ஆரம்பித்துவிட்டன. இந்தப் பருவத்தில் மரத்தில் பால் குறையும், தோட்டத்தில் வேலை குறையும், தோட்டத்துக் கிராணிக்கு யோசனை மட்டும் கூடும். போன வருஷம் அப்படி வந்த யோசனைதான் என்னைக் கடல் தாண்ட வைத்தது. இந்த வருஷம் அதைப் பற்றி எழுத வைக்கிறது. எழுதுவதில் செலவு குறைவு.

கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா, ஆனால் ஊரில் இருப்பவர்கள் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். நானும் அந்த நினைப்பைக் கலைத்ததில்லை. உண்மையில் என் முக்கியமான வேலை பேர் கூப்பிடுவது. விடிவதற்கு முன் மணி அடித்ததும் ஜனங்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். நான் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். "ஆஜர்" என்று குரல் வரவேண்டும். சில நாள் காய்ச்சலில் படுத்திருப்பவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் மூக்கை அடைத்துக்கொண்டு வேறு குரலில் "ஆஜர்" சொல்வான். நான் கண்டுபிடித்துவிடுவேன். என்னை ஏமாற்ற முடியாது என்று தோட்டத்தில் எனக்கு நல்ல பெயர்.

இருபது வருஷமாக அடுத்தவர் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. ஒருநாள், ஒரே ஒருநாள், ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் என் பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். நான் முன்னால் போய் நிற்க வேண்டும்.

2

ஊரில் புதுச் சட்டத்தின்படி தேர்தல் வரப்போகிறது என்று ரெங்கத்து முடிதிருத்தும் கடையில்தான் படித்தேன். மெட்ராஸ் பத்திரிகை அங்கே வந்து சேரும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். ஆனாலும் படிக்கிற நமக்கு அது சூடுதான். நிலத்தீர்வை கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் உண்டு என்று போட்டிருந்தார்கள். கீழக்குறிச்சியில் என் பேரில் துண்டு நஞ்சை ஒன்று இருக்கிறது. என் சித்தப்பா மகன் ராமலிங்கம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறான். உன் பேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்று அவன் முன்னமே சொல்லி அனுப்பியிருந்தான்.

இங்கே ஜொகூரில் தேர்தல் என்று ஒன்று கிடையாது. சம்பளத்தைக் குறைத்தாலும், ஆள் குறைப்பென்று ஜனங்களைக் கப்பலேற்றி அனுப்பினாலும், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்வதுதான் கணக்கு. அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கென்று ஒரு சீட்டு இருக்கிறது என்றதும் தலைகால் புரியவில்லை.

துரையிடம் லீவு கேட்டேன். அவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"கிராணி, ஓட்டுப் போட லீவா? உனக்கு ஓட்டு இருக்கா?"

"இருக்குங்க துரை."

"நமக்கே இங்கே ஓட்டு இல்லே," என்றார். அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது என்று நான் இன்றுவரை நம்புகிறேன். "சரி, போ. ஆனா அஞ்சு வருஷத்து லீவு இதோட முடிஞ்சுது. அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சு. ஞாபகம் வெச்சுக்கோ."

இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த லீவை என் மனைவி கமலம் வேறு ஒன்றுக்காகக் காத்து வைத்திருந்தாள். வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. டிசம்பரில் பிள்ளையின் பள்ளிக்கூடம் சாத்தியதும் எல்லோருமாகப் போய் அவரைப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். மகள் செல்வி பக்கத்து டவுனான குளுவாங்கில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் புது வகுப்புக்கு மாறியிருந்தாள். அவளை நடுவில் நிறுத்த முடியாது. ஆக, தேர்தலுக்குப் போனால் நான் மட்டும்தான் போகலாம்.

"டிசம்பர்ல போலாம்னு சொன்னீங்களேங்க," என்றாள் கமலம்.

"தேர்தலை டிசம்பருக்குத் தள்ளி வெக்கச் சொல்ல முடியுமா? இது தேச காரியம், கமலம்."

"எங்கப்பாவுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு."

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன். நீ பார்த்த மாதிரிதானே?"

அவள் உலையில் அரிசியைக் கிளறிவிட்டாள். "எனக்கும் எழுதப் படிக்கத் தெரியும். எனக்கு ஓட்டு உண்டா?"

"ஊர்ல இருந்தா உண்டு."

"ஊர்ல இருந்தா எங்கப்பாவையே பார்த்திருப்பேனே," என்றாள்.

செல்வி நடுவில் புகுந்தாள். "அப்பா, நானும் ஈக்குட் வரேன் லா." கூட வருகிறாளாம். வீட்டில் தமிழ்தான் பேசவேண்டும் என்பது என் சட்டம். சட்டம் போட்டவனே மீறுவதால் நான் கண்டிப்பதில்லை.

"நீ வர முடியாதும்மா. அப்பா ஊருக்குப் போறேன்."

"நம்ம ஊரு ரெங்கம்தானே?"

ஊர் என்றால் எது, தேர்தல் என்றால் என்ன என்று உட்கார வைத்து விளக்கினேன். ஜனங்கள் சீட்டுப் போட்டுத் தங்களுக்குப் பிடித்தவரைப் பதவியில் வைக்கலாம், பிடிக்காதவரை இறக்கலாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம துரையையும் சீட்டுப் போட்டு மாத்தலாமா?" என்றாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அத்துடன் அரசியல் பாடம் முடிந்தது.

3

புறப்படுகிற அன்று பெரட்டில் எனக்கு மாலை போட்டார்கள். பால்மரம் வெட்டும் காளியப்பன், தோட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவன், முன்னால் வந்தான்.

"கிராணி ஐயா, எங்களுக்கு நிலமும் இல்லை, ஓட்டும் இல்லை. எங்களுக்கும் சேத்துப் போட்டுட்டு வாங்க."

"ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதாம்ப்பா."

"அதை நல்லா அழுத்திப் போடுங்களேன்."

அழுத்திப் போடுவதாக வாக்குக் கொடுத்தேன். ரெங்கத்தில் ரயிலேறிச் சிங்கப்பூர் போய், கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்து, வழியெல்லாம் அலையோடு சேர்ந்து குடலும் புரள, நாகப்பட்டினத்தில் இறங்கியபோது நான் பாதி ஆளாகியிருந்தேன். தலையில் தோட்டத்துத் தொப்பி மட்டும் முழுசாக இருந்தது.

கீழக்குறிச்சியில் நுழைந்ததும் மாடுகளைப் பார்த்தே தேர்தல் நிலவரம் தெரிந்துவிட்டது. பொங்கலுக்குப் பூசிய கொம்புச் சாயம் இன்னும் போகவில்லை. பாதி மாடுகளுக்குப் பச்சைக் கொம்பு, மீதிக்கு நீலக் கொம்பு. சர்க்கார் பட்டம் வாங்கிய மிராசுதாருக்குப் பச்சை ஓட்டுப் பெட்டி, பட்டணத்திலிருந்து வந்த வக்கீலுக்கு நீலப் பெட்டி. ஜனங்களுக்குப் பேர் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமே என்று அப்படி ஏற்பாடு. ராமலிங்கம் வீட்டு மாட்டுக்கு ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு நீலம்.

"என்னடா இது?"

"அது நடுநிலை அண்ணே," என்றான் ராமலிங்கம். மெலிந்த ஆள். வெற்றிலைக் காவி ஏறிய பல். என்ன சொன்னாலும் "சரிண்ணே" என்று சொல்லும் வாய்.

காலையில் பச்சைக்காரர்களின் மோட்டார் வரும். கூரையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியாகக் கோயில் மெட்டில் பாட்டு. பச்சைப் பயிர், பச்சைப் புல், பச்சைக் கிளி, பச்சைப் பெட்டி. சாயங்காலம் நீலக்காரர்கள் வருவார்கள். வானம் நீலம், கடல் நீலம், கண்ணன் நீலம், பெட்டியும் நீலம். ஜெயித்து வந்து என்ன செய்வார்கள் என்று கேட்டால், இன்னொரு பாட்டுப் பாடினார்கள்.

4

நான் நீலம். வக்கீல் ஏழைகளுக்காகப் பேசுகிறவர் என்று ரெங்கத்துக் கடையிலேயே முடிவு செய்திருந்தேன். அவருடைய கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்கலாம் என்றார்கள். கப்பலில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி என்னிடம் இருந்தது. எழுந்தேன்.

"ஐயா, நான் மலாயாவிலேருந்து வரேன். அங்க தோட்டத்துல நம்ம ஜனங்க இருக்காங்க. கூலியைக் குறைச்சா கேக்க ஆளில்லை. நீங்க சபைக்குப் போனா அவங்களுக்கு என்ன செய்வீங்க?"

வக்கீல் இரண்டு கையையும் விரித்தார். "பாருங்கள், மகாஜனங்களே. கடல் கடந்து வாழும் நம் சகோதரர், நீலப் பெட்டிக்காகவே கப்பலேறி வந்திருக்கிறார்."

கைதட்டல். என்னை மேடையில் ஏற்றினார்கள். மாலை போட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்குக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இறங்கி வரும்போதுதான் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். மேடையில் இப்போது ஒரு சர்க்கஸ்காரர் நீலக் கொடியோடு நின்றிருந்தார்.

மறுநாளிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் என்னை "மலாயா நீலம்" என்று கூப்பிட்டார்கள். இருந்தாலும் ராமலிங்கத்தைச் சும்மா விடவில்லை. ஓட்டுக்கு முதல்நாள் சாயங்காலம் அவனுக்கு நீண்ட பிரசங்கம் செய்தேன். மனசாட்சி, உரிமை, நீலம்.

"சரிண்ணே," என்றான். "நாளைக்கு வெயில்ல நிக்காதீங்க. கூட்டம் குறைஞ்சப்புறம் மத்தியானமாப் போங்க."

எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

5

சாவடி பள்ளிக்கூடத்தில் இருந்தது. வெளியே இரண்டு பந்தல். பச்சைப் பந்தலில் நீர்மோர், நீலப் பந்தலில் பானகம். தீர்வை கட்டாத ஜனங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு மோரும் கிடையாது, ஓட்டும் கிடையாது. நான் மல்வேட்டி, கோட்டு, தொப்பியுடன் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நான் இருபது வருஷமாகக் காத்திருந்தபடியே சத்தமாகக் கூப்பிட்டார்.

"கீழக்குறிச்சி, வைத்திலிங்கம் மகன் சோமசுந்தரம்."

"ஆஜர்," என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதிகாரி பட்டியலில் விரலை வைத்தார். "ஆயிடுச்சே."

"என்னங்க ஆயிடுச்சு?"

"சோமசுந்தரம் காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயாச்சு."

"அலமாக்," என்று வாயிலிருந்து மலாய் ஐயையோ வந்துவிட்டது.

பச்சைக்கார ஏஜெண்ட் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா சார்? தமிழே வரலை. யாரோ வெளியாள். ஆள்மாறாட்டம்."

ஓட்டைத் திருடக் கொடுத்தவன் நான், திருடன் பட்டமும் எனக்கு. ஊர்க் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அடையாளம் கேட்டார்கள். அவர் நான் ஊரைவிட்டுப் போனபிறகு வந்தவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சோமசுந்தரத்தை எனக்கு நல்லாத் தெரியுமே சார். ஜில்லா போர்டு தேர்தலுக்கெல்லாம் தவறாம வருவாரு. மெலிசா இருப்பாரு. வெத்தலைப் பல்லு. இவர் கொஞ்சம் பூசினாப்பல இருக்காரே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஜொகூரில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்ற வருஷங்களிலெல்லாம் ஊரில் ஒரு தேர்தலைக்கூட விடாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன். என்னைப் போல் பொறுப்பான பிரஜை ஜில்லாவிலேயே இருக்க மாட்டான்.

கடைசியில் கீழத்தெருப் பெரியவர் ஒருவர் என் முகத்தில் என் அப்பாவின் மூக்கைக் கண்டுபிடித்து, "இவன் வைத்திலிங்கம் பிள்ளைதான்" என்று சொன்னதால் தப்பித்தேன். அதிகாரி நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க பேர்ல போட்டது யாருன்னு தெரியுமா? எழுதிக் குடுங்க. போலீஸ் பார்த்துக்கும்."

வாசல் வழியாகப் பார்த்தேன். பச்சைப் பந்தலில் ராமலிங்கம் குனிந்து நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய சின்னப் பையன் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியலைங்க," என்றேன்.

"அப்ப ஒண்ணு செய்யலாம். உங்களுக்கு வேற சீட்டு ஒண்ணு தரேன். பெட்டியில போட முடியாது. யாருக்குன்னு குறிச்சுக் குடுத்தீங்கன்னா உறையில வெச்சு ஒட்டிடுவோம்."

"அதை எப்ப எண்ணுவீங்க?"

"எண்ண மாட்டோம்."

"அப்புறம் எதுக்குங்க?"

"நீங்க வந்துட்டு ஓட்டுப் போடாமப் போனீங்கன்னு ஆகக்கூடாது பாருங்க."

காளியப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. சீட்டை வாங்கி நீலத்துக்குக் குறித்தேன். நன்றாக அழுத்தியே குறித்தேன். உறையில் போட்டு ஒட்டினார்கள்.

வெளியே வந்து ராமலிங்கத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏண்டா, நான் கடல் தாண்டி வந்திருக்கேன். நேத்து ராத்திரி வரைக்கும் சரிண்ணே சரிண்ணேன்னியே."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க ஓட்டைத்தான் மொதல்ல போட்டேன். என்னுதைக்கூட அப்புறம்தான் போட்டேன்."

"எந்தப் பெட்டியில?"

"பச்சையிலதான். நம்ம வீட்டு ஓட்டெல்லாம் பச்சைக்குன்னு பொங்கலுக்கு முன்னாடியே மிராசுதார்கிட்ட சொல்லிட்டேன். நீங்க வருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான். அன்றுதான் முதல்தடவையாக அவன் "சரிண்ணே" சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க நீலத்துல போட்டுட்டுக் கப்பல் ஏறிடுவீங்க. நான் அவர் வாய்க்கால்லேருந்துதான் தண்ணி விடணும். உங்க நிலத்துக்கும் சேத்துத்தான்."

அவன் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் புளித்திருந்தது.

6

பச்சை ஜெயித்ததா நீலம் ஜெயித்ததா என்பது பத்திரிகையிலேயே வந்துவிட்டது. எனக்கு அதைவிட வலங்கைமான் பயணம்தான் நினைவில் நிற்கிறது. மாமனார் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கண் அநேகமாகப் போய்விட்டது. என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார முயன்றார்.

"வாங்க மாப்பிள்ளை. கமலா வண்டியில இருக்காளா?"

"வரலைங்க மாமா. நான் மட்டும்தான் வந்தேன்."

"அப்படியா." அவர் முகம் வாசல் பக்கமே இருந்தது. "என்ன விசேஷமா வந்தீங்க?"

"ஓட்டுப் போட வந்தேங்க."

"ஓ. நானும் போட்டேனாம். வந்து சொல்லிட்டுப் போனாங்க," என்றார். கட்டிலைவிட்டு இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது அவருக்கு. "யாருக்குப் போட்டேன்னுதான் சொல்லலை."

இருவரும் சிரித்தோம். கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை, மழைக்கதை பேசினோம். நடுவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. தெருவில் ஏதோ வண்டி போனது.

"பாருங்க மாப்பிள்ளை, கமலா இறங்கிட்டாளான்னு," என்றார்.

7

திரும்பி வந்த மறுநாள் பெரட்டில் காளியப்பன் கேட்டான். "ஐயா, எங்களுக்கும் சேத்துப் போட்டீங்களா?"

"போட்டாச்சு," என்றேன். என் பேரில் இரண்டு ஓட்டு விழுந்திருந்தது. போட்டாச்சு என்பதில் பொய் இல்லை.

மெதுவாக உண்மைக் கதை வெளியே வந்தது. நான்தான் வெளியே விட்டேன். அடுத்தவர் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் வலி குறைவு என்பது என் பழக்கம். குளுவாங்கில், மூவாரில், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "கிராணி, அந்த ஓட்டுக் கதை" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொல்லச் சொல்ல எனக்கும் மெருகேறியது. கணக்குப்பிள்ளை மாதிரிக் குரல் கொடுப்பேன். உறை ஒட்டுவதை நடித்துக் காட்டுவேன். மாமனார் ஓட்டுப் போட்ட கதையில்தான் சிரிப்பு உச்சத்துக்குப் போகும். அங்கேயே நிறுத்திவிடுவேன். வண்டிச் சத்தம் கேட்ட பாகத்தை எங்கும் சொன்னதில்லை, வீட்டிலும்கூட.

போன ஞாயிற்றுக்கிழமை ரெங்கத்து வாசகசாலையின் ஆண்டு விழா. காலையில் அங்கே கதை சொன்னேன். நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் கமலமும் செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்துச் சிரித்து ஒருவர் நாற்காலியிலிருந்து விழுந்தார்.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், ஊருக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்த மளிகைக்கடைக்காரர் கமலத்திடம் வந்தார். அவருக்கும் வலங்கைமான் பக்கம்தான்.

"அப்பாவைப் பார்த்தேம்மா. சாப்பாடெல்லாம் ஒழுங்காப் போகுது. ஆனா இப்ப யாரையும் அடையாளம் தெரியறதில்லை. குரலை வெச்சுக்கூடத் தெரியறதில்லை. யார் போனாலும் கமலாவான்னு கேக்கறாரு."

கமலம் தலையாட்டினாள். இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

தோட்டத்துக்கு மூவரும் நடந்தே திரும்பினோம். பாதை முழுவதும் காய்ந்த ரப்பர் இலை. மிதிக்கிற இடமெல்லாம் நொறுங்கியது. செல்வி முன்னால் மலாய்ப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு ஓடினாள். பேச்சு இல்லாமல் நடப்பது எனக்கு ஆகாது. இன்று கதை நன்றாக எடுபட்டது, கணக்குப்பிள்ளை இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் என்று என்னமோ சொல்லிக்கொண்டே வந்தேன். துரையிடம் கேட்டு அடுத்த லீவை ஒரு வருஷம் முன்னால் வாங்கப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். கொடுக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

கமலம் நின்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"உங்க ஓட்டை உங்களுக்குப் பதிலா யாரோ போட்டுட்டாங்கன்னு ஊர் ஊராச் சொல்லிச் சிரிக்கிறீங்க. எங்கப்பாவை எனக்குப் பதிலாப் பார்த்தீங்களே, அதுவும் உறையில போட்டு ஒட்டின ஓட்டுதாங்க."